இரண்டு இரவுகள்

கருப்பட்டி எங்கள் வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள், ஒரு திங்கட்கிழமை, சாப்பிட மறுத்தது. பாளையங்கோட்டையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த வாரம். தட்டில் வைத்த பால்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. மதியம் மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தது. சாயங்காலம் இன்னொரு முறை. பழைய துணியால் துடைத்து, பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

தெருமுக்குக் கடை அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பசும்பாலு ஊத்துனீங்களோ? அது குட்டி வயித்துக்கு ஆவாதுல்லா சார். தயிர்ச்சோறு பெசஞ்சி வைங்க, ரெண்டு நாள்ல சரியாயிரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் குட்டிகளுக்கு வயிற்றோட்டம் வருவது சாதாரணம். திடீரென்று தீனியை மாற்றினாலும் வரும், வயிற்றில் பூச்சி இருந்தாலும் வரும். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. அவரிடமே வழக்கம்போல ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி, கட்டுமானம் பாதியில் நின்றுபோன மனைக்கு நடந்தேன். கருப்பட்டியின் கூடப்பிறந்தவை மூன்று அங்கே இருந்தன.

நான்கு குட்டிகளில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்து வரலாம் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அவள் கருப்பட்டியைத் தூக்கினாள். ஏன் இது என்று கேட்டேன். "இதுதாம்ப்பா என் செருப்பைக் கடிச்சுது" என்றாள். அதைவிட நல்ல காரணம் எனக்கும் தோன்றவில்லை. மற்ற மூன்றுக்கும் தினமும் சாயங்காலம் பிஸ்கட் போட்டுவிடுவது என்று எனக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். அன்றும் போட்டேன். மூன்றும் ஓடிவந்து என் கால்களுக்கு இடையே புகுந்து செருப்பை நக்கின. கருப்பட்டியின் வாந்தியைக் கழுவியபோது போட்டிருந்த அதே செருப்பு.

இரவு பத்தரை மணிக்குக் கருப்பட்டி கழிந்த மலத்தில் ரத்தம் இருந்தது. ஒரு கோடு, ஒரு துளி என்றில்லை. தண்ணீராகப் போனதே சிவப்பாக இருந்தது. அதன் வாடை இன்றும் நினைவில் இருக்கிறது. இரும்பும் அழுகலும் கலந்ததுபோல ஒரு வாடை.

எனக்கு எந்தக் கால்நடை மருத்துவரையும் தெரியாது. மனைவி, "யாரையாவது கேட்டுப் பாருங்களேன்" என்றாள். இந்த நேரத்தில் யாரைக் கேட்பது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் கிடத்தினோம். இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, தலை தூக்கவில்லை. வாலின் நுனி மட்டும் ஒருமுறை அசைந்தது. திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இது முதல் இரவு.

*

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலக நண்பர் சொன்ன ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனேன். மலத்தில் ஒரு குச்சியைத் தோய்த்து, கர்ப்பம் பார்க்கும் அட்டை மாதிரி ஒன்றில் சொட்டு விட்டார். சில நிமிடங்களில் இரண்டு கோடுகள் தெரிந்தன. "பார்வோ" என்றார்.

முன்னங்காலின் முடியை மழித்து, ஊசி ஏற்றி, சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டபடியே பேசினார். இந்த வைரஸ் உடம்பில் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் செல்களைத் தேடிப்போகும். வளர்கிற குட்டிக்குக் குடலின் உட்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் அப்படிப்பட்ட செல்கள் நிறைய. மஜ்ஜை அடிபட்டால் வெள்ளணுக்கள் குறைந்து எதிர்த்து நிற்கும் சக்தி போய்விடும். குடலின் உட்சுவர் உரிந்து விழுந்தால் உள்ளே போகிற எதுவும் உடம்பில் சேராது. அந்தப் புண்வழியாக ரத்தம் வெளியே வரும், குடலில் இருக்கும் கிருமிகள் ரத்தத்துக்குள் நுழையும்.

"இதுக்குன்னு நம்ம கையில மருந்து கிடையாது சார். அதோட உடம்புதான் சண்டை போடணும். அது வரைக்கும் தண்ணி வத்தாம, வாந்தி நிக்க, வேற கிருமி ஏறாம நாம பாத்துக்கிடணும். அவ்வளவுதான்."

ரத்தம் வந்தாலே இப்படித்தானா என்று கேட்டேன். இல்லை என்றார். பூச்சியாலும் வரும், எலும்புத்துண்டு கிழித்தும் வரும், குடலில் சிறிய அழற்சி என்றாலும் லேசாகச் சிவப்பு தெரியும். "ரத்தம் எவ்வளவுங்கிறதை மட்டும் பாக்காதீங்க. குட்டி எப்படி இருக்குன்னு பாருங்க. வாந்தி, சோர்வு, சாப்பாடு இல்ல, கூடவே ரத்தம்னா ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டார். அடுத்த வாரம் போடலாம் என்று இருந்தோம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று விளக்கினார். ஏன் அத்தனை முறை? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புசக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது குறைந்துகொண்டே வரும்போது ஓர் இடைவெளி வருகிறது. நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியைத் தடுக்கப் போதும் என்ற அளவில் சில நாட்கள். அந்த நாட்கள் எப்போது என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

எழுதிக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்டார். "வேற நாய் இருக்கா?"

"இல்லை" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. வீட்டில் வேறு நாய் இல்லை. அவர் கேட்டது வீட்டைப் பற்றித்தான் என்று என் காது எடுத்துக்கொண்டது. முந்தைய நாள் சாயங்காலம் மூன்று குட்டிகள் என் செருப்பை நக்கியது அந்த நேரம் நினைவுக்கு வரவே இல்லை. பிற்பாடு அந்த ஒரு சொல்லை எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். மறைக்க நினைத்து மறந்திருந்தால்கூட என்னை எனக்குப் புரிந்திருக்கும். மறைக்க ஒன்றும் இல்லாமலே மறந்திருந்தேன்.

*

ஐந்து நாட்கள், தினமும் காலையும் மாலையும் சலைன். மொத்தம் 6,400 ரூபாய் ஆனது. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வியாழக்கிழமை இரவு அது பிழைக்காது என்றுதான் நினைத்தோம். வெள்ளிக்கிழமை வாந்தி நின்றது. ஞாயிற்றுக்கிழமை மதியம், வேகவைத்த கோழியைப் பிய்த்துப்போட்டுக் குழைத்த சோற்றை இரண்டு வாய் தின்றது. எழுந்து நின்று, தள்ளாடி, மறுபடி உட்கார்ந்து, வாலை ஆட்டியது. வீட்டில் அன்று பண்டிகை மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்கு மற்ற மூன்றின் ஞாபகம் வந்தது. மீதிக் கோழிச்சோற்றை ஒரு தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஆறு மணி வாக்கில் அந்த மனைக்குப் போனேன். ஆறு நாட்களாக அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு குட்டி மணல்குவியலின் ஓரத்தில் செத்துக் கிடந்தது. இன்னொன்றைக் காணவில்லை. மூன்றாவது, வெள்ளைக் கால்கள் உள்ளது, ஒரு சிமெண்ட் குழாய்க்குள் கிடந்தது. பின்னங்கால்களும் வாலும் ரத்தத்தில் ஒட்டிப்போயிருந்தன. தாய் சற்றுத் தள்ளி மழையில் உட்கார்ந்திருந்தது. வளர்ந்த நாய்களை இந்த நோய் அவ்வளவாகத் தொடுவதில்லை. அது என்னைப் பார்த்தது, குரைக்கவில்லை.

மருத்துவருக்கு ஃபோன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும், "கொண்டு வாங்க, எட்டு மணி வரைக்கும் இருப்பேன்" என்றார்.

நான், "நாளைக்குக் காலைல கொண்டு வரேன் டாக்டர்" என்றேன்.

காரணங்கள் இருந்தன. மழை பெய்துகொண்டிருந்தது. மறுநாள் மகளுக்குப் பரீட்சை. இப்போதுதான் தேறி வருகிற கருப்பட்டி இருக்கும் வீட்டுக்கு இதைக் கொண்டுவர முடியாது, வேறு எங்கே வைப்பது? இன்னும் ஓர் ஆறாயிரம் வேண்டும். ஒவ்வொன்றும் உண்மையான காரணம். ஆனால் இவற்றில் ஒன்றுகூடக் கருப்பட்டி கிடந்தபோது எனக்குத் தோன்றியதில்லை. கோழிச்சோற்றைக் குழாய்க்குள் வைத்துவிட்டு வந்தேன். குடல் உரிந்துபோன குட்டியால் அதைத் தின்ன முடியாது என்று எனக்குத் தெரியும்.

அது இரண்டாவது இரவு.

காலை ஆறரைக்குப் போனபோது தெரு கூட்டும் அக்கா குட்டிகளை வண்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "இது உங்க வீட்டு நாய்க்குட்டியா சார்?" என்று கேட்டார். என் கையில் பழைய துண்டு ஒன்று இருந்ததைப் பார்த்துக் கேட்டிருக்கலாம்.

"இல்லக்கா. தெரு நாய்" என்றேன்.

*

இரண்டு இரவுகளும் கிட்டத்தட்ட ஒரே நீளம். இரண்டிலும் நான் சொன்னது ஒன்றுதான், காலையில் பார்த்துக்கொள்ளலாம். முதல் இரவில் எனக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது இரவில் எல்லாம் தெரியும். தெரியாமல் காத்திருந்த குட்டி பிழைத்தது. தெரிந்து காத்திருந்த குட்டி செத்தது. அறிவு வந்தால் நன்றாக நடந்துகொள்வோம் என்று நான் எப்போதும் நம்பிவந்திருக்கிறேன். புத்தகம் வாசிக்கிற எல்லோருக்கும் அந்த நம்பிக்கை உண்டு என்று நினைக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அறிவில் குறை இல்லை. குறைந்தது வேறொன்று.

பீட்டர் சிங்கர் 1972இல் எழுதிய ஒரு கட்டுரையில் வரும் உதாரணம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆழமில்லாத ஒரு குளத்தில் குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது. வழியில் போகும் நான் இறங்கித் தூக்கினால் என் உடை சேறாகும், அவ்வளவுதான். தூக்கத்தான் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்படியானால், குழந்தை பக்கத்தில் இருக்கிறதா, ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறதா என்பது கடமையை ஏன் மாற்ற வேண்டும் என்று அவர் கேட்கிறார். அதை வாசித்த காலத்தில், தூரம் உண்மையிலேயே ஒரு தடைதான், மனம் அத்தனை தூரம் நீளாது என்று நண்பர்களிடம் வாதிட்டிருக்கிறேன். ஆனால் எனக்கும் அந்தச் சிமெண்ட் குழாய்க்கும் இருந்த தூரம் இருநூறு அடி. நடுவில் நின்றது 'நம்ம' என்ற சொல்.

தமிழில் இதற்கு ஒரு நுட்பம் இருக்கிறது. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. கருப்பட்டியை யாரிடம் பேசினாலும் "நம்ம கருப்பட்டி" என்றுதான் சொன்னோம். மருத்துவர், அண்ணாச்சி, பக்கத்துவீட்டுக்காரர் எல்லோரையும் அதன் உறவுக்குள் இழுத்துக்கொள்ளும் சொல் அது. மற்றவற்றுக்குத் 'தெரு நாய்' என்று பெயர். அந்தச் சொல்லை யாருக்கும் சொந்தமில்லாத நாய் என்ற பொருளில்தான் அந்த அக்காவிடம் சொன்னேன். எழுத்துப்படி பார்த்தால் அது தெருவுக்குச் சொந்தமான நாய். அந்தத் தெருவில்தான் பதினோரு வருடமாக என் வீடு இருக்கிறது.

ஒன்றை அதிகமாக நேசிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. எல்லா உயிரையும் ஒரே அளவில் நேசிப்பதாகச் சொல்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம்கூட உண்டு. என் மகள் நான்கில் ஒன்றைத் தூக்கியது நல்ல காரியம்தான். அதைத் தூக்கியபோதே தாயிடமிருந்தும் கூடப்பிறந்தவற்றிடமிருந்தும் பிரித்துவிட்டோம், ஆகவே அதற்கு நாங்கள் பட்ட கடன் கூடுதல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கடன் கூடுவது ஒன்று. ஒன்றிடம் பட்ட கடனைக் காட்டி மற்றவற்றின் கணக்கையே கிழித்துப்போடுவது வேறு. 6,400 ரூபாயும் ஐந்து நாள் அலைச்சலும், நான் நல்லவன் என்ற ரசீதை என் கையில் கொடுத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த ரசீதோடுதான் குழாய் முன்னால் நின்றேன்.

*

அந்த நாட்களில் மகாபாரதத்தின் பதினேழாவது பர்வத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். மகாபிரஸ்தானத்தில் பாண்டவர்களோடு ஒரு நாய் நடக்கிறது. வழியில் திரௌபதி விழுகிறாள், பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன். தருமன் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். கடைசியில் இந்திரன் தேரோடு வரும்போது, நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறார். தம்பிகளையும் மனைவியையும் விட்டு வந்தாயே, ஒரு நாயை விட முடியாதா என்று இந்திரன் கேட்கிறான். இறந்தவர்களை என்னால் எழுப்ப முடியாது, அதனால் விட்டேன், உயிரோடு இருந்தவரை விடவில்லை என்பது தருமனின் பதில்.

சிறுவயதில் இதைக் கேட்டபோது அந்தப் பதில் பெரிதாகத் தெரிந்தது. இப்போது படிக்கும்போது ஓர் இடத்தில் தடுக்கியது. பீமன் விழுந்த பிறகும் பேசுகிறான். நான் ஏன் விழுந்தேன் என்று அண்ணனைக் கேட்கிறான். நீ அதிகமாகத் தின்றாய், உன் பலத்தைப் பற்றிப் பெருமை பேசினாய் என்று பதில் சொல்லிவிட்டுத் தருமன் நடக்கிறார். கேள்வி கேட்கிறவன் இன்னும் உயிரோடு இருப்பவன் அல்லவா?

தருமனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பயணத்தின் விதி வேறு, அவரும் சாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார். ஆனாலும், நாயை விடமாட்டேன் என்று சொல்லும் நாவுக்கே, விழுந்தவன் ஏன் விழுந்தான் என்று காரணம் சொல்லி நகர்வதும் கைவருகிறது என்பதைக் கவிஞன் ஒரே பர்வத்தில் வைத்திருக்கிறான். நானும் காரணம் சொல்லித்தான் நகர்ந்தேன். மழை, பரீட்சை, பணம்.

*

இனி சொல்ல வேண்டியது செருப்பைப் பற்றி.

நாய்களைத் தாக்கும் இந்த வைரஸ் 1978இல்தான் உலகத்தின் பார்வைக்கு வந்தது. பூனைகளைத் தாக்கும் நெருங்கிய உறவுள்ள ஒரு வைரஸிலிருந்து மாறி வந்தது என்கிறார்கள். இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நோயுள்ள நாயின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறி, நிழலான ஈர மண்ணில் மாதக்கணக்கில், சமயத்தில் ஒரு வருடம்கூட, உயிர்ப்போடு இருக்கும். சாதாரண சோப்புக்கும் பினாயிலுக்கும் மசியாது. பிளீச்சிங் கரைசலுக்குத்தான் அழியும். கையில், துணியில், செருப்பில் ஒட்டிக்கொண்டு போகும். உடம்பில் நுழைந்து நோயாகத் தெரிய மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் ஆகும்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவை என் செருப்பை நக்கின. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த நிலையில் பார்த்தேன். கணக்கு பொருந்துகிறது. வேறு கணக்குகளும் பொருந்துகின்றன. தெருவில் திரியும் ஏதோ ஒரு நாயிடமிருந்து நான்குக்குமே வந்திருக்கலாம். அந்த மணலிலேயே இருந்து, நான்தான் அதைக் கருப்பட்டிக்குக் கொண்டு வந்திருக்கலாம். மருத்துவரிடம் கேட்டபோது, "சொல்ல முடியாது சார், அதை விடுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவவாதி ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றி எழுதியிருக்கிறார். தன் தவறு எதுவும் இல்லாமல் ஒரு குழந்தையின் மேல் லாரியை ஏற்றிவிடுகிறார். பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கும் வருத்தம்தான், ஆனால் ஓட்டுநரின் வருத்தம் வேறு வகை. உன் தப்பு இல்லையப்பா என்று எல்லோரும் அவரைத் தேற்றுவார்கள், தேற்றத்தான் வேண்டும். அவரோ உடனே தேறிவிட்டால் நமக்கு அவரிடம் ஏதோ சரியில்லை என்று தோன்றும். இந்த இடத்தில் வில்லியம்ஸை நான் நம்புகிறேன். என் செருப்பு கொண்டுபோனதா இல்லையா என்பது எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. தெரியாது என்பதாலேயே அதை இறக்கி வைக்க முடியவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கப் பார்க்கிறேன். செருப்பைப் பற்றிய துக்கத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அது விதி, தற்செயல், தெரியாமல் நடந்தது. அதில் மூழ்கினால் சிமெண்ட் குழாய் மறந்துபோகும். குழாய் முன்னால் நின்றபோது எல்லாம் தெரிந்திருந்தது. அன்று கொண்டுபோயிருந்தாலும் அந்தக் குட்டி பிழைத்திருக்காது என்று ஒரு குரல் அவ்வப்போது சொல்கிறது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கருப்பட்டியைக் கொண்டுபோனபோது பிழைக்கும் என்று யாரும் எனக்கு எழுதிக்கொடுக்கவில்லையே.

*

கருப்பட்டிக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. அந்தத் தாய்நாய் போன ஆவணியில் மறுபடி ஈன்றது, அதே மனையில். இந்த முறை ஐந்து. மாநகராட்சியில் சொல்லித் தாய்க்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று தெருவில் பேசிக்கொண்டோம். எனக்கு முதலில் அந்த மணல் ஞாபகம்தான் வந்தது.

கருப்பட்டிக்கு வருடாந்திர ஊசி போடப் போயிருந்தபோது மருத்துவர் சீட்டில் எழுதிக்கொண்டே, வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார். "வேற நாய் இருக்கா?"

"அஞ்சு இருக்கு டாக்டர். ஆறு வாரம் ஆகுது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வீட்லயா?"

"தெருவுல."

குட்டிகளைத் தூக்கிவர வேண்டாம், சனிக்கிழமை நானே வந்து போடுகிறேன், அதற்குள் அவற்றுக்குப் பூச்சி மருந்து கொடுத்துவிடுங்கள் என்று எடைக்கு எவ்வளவு என எழுதிக்கொடுத்தார். அண்ணாச்சியும் மகளும் ஆளுக்கொரு குட்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவை கட்டிலைச் சுற்றி ஓடுகிறதுபோல அந்த மணலைச் சுற்றி ஓடின. ஐந்தில் நான்கு இப்போதும் இருக்கின்றன. ஒன்று லாரியில் அடிபட்டது.

இதனால் அந்த வெள்ளைக்கால் குட்டியின் கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்கவில்லை. அது வேறு குட்டி, வேறு இரவு. அந்த மனைக்குப் போகும்போது இப்போது வேறு செருப்பு போட்டுக்கொள்கிறேன், திரும்பி வந்ததும் வாசலுக்கு வெளியிலேயே பிளீச்சிங் தண்ணீரில் கழுவுகிறேன். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, அதுங்ககிட்ட இருந்து நமக்கு வராம இருக்கவா, நம்மகிட்ட இருந்து அதுங்களுக்குப் போகாம இருக்கவா?" என்று கேட்டாள்.

ரெண்டுக்கும்தான் என்றேன்.